ஜெனரேட்டர் ரூமுக்கு ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் போதுமா?

கேள்வி, 3 மே 2024

எங்கள் அபார்ட்மெண்டில் 62.5 கேவிஏ டீசல் செட், கனோபியோடு (செட்டைச் சுற்றி மூடும் இரும்புக் கூடு) வந்தது. சாரல் அடிக்கிறது, சத்தம் வேறு என்று சுற்றிச் சுவர் எழுப்பி மேலே தளம் போட்டுவிட்டார்கள். ரூம் பத்துக்குப் பதினாறு அடி. இப்போது வெயிலில் அரை மணி நேரம் ஓடினால் தானாக நின்றுவிடுகிறது. 12 இன்ச் எக்ஸாஸ்ட் ஃபேன் ஒன்று மாட்டினால் சரியாகிவிடும் என்கிறார் எலக்ட்ரீஷியன். கனோபிக்குள்ளேயே பெரிய ஃபேன் இருக்கும்போது இதுவே அதிகம் என்பது என் கருத்து. சரிதானே?

3 மே, இரவு

சரியில்லை. நாங்கள் இதையே செய்து பார்த்துவிட்டோம்.

எங்கள் குடியிருப்பு பள்ளிக்கரணைப் பக்கம். 40 வீடு, ஸ்டில்ட் (தூண்கள் மட்டும் நிற்கும் கார் நிறுத்தத் தளம்) போக நாலு மாடி. செட்டும் அதே 62.5. 2015 டிசம்பர் வெள்ளத்தில், மின்சாரம் உண்டாக்கும் பகுதியான ஆல்டர்னேட்டர் வரை தண்ணீர் ஏறி, வைண்டிங் கட்டித் திரும்பி வர ஒன்றரை மாதம் ஆனது. அந்தக் கோபத்தில் நாலடி மேடை கட்டிச் செட்டை ஏற்றினோம். அதுவரை நல்ல வேலை. மேடை கட்டிய மேஸ்திரி கையோடு இருக்கிறாரே, அப்படியே சுவரும் எழுப்பித் தளமும் போட்டுவிட்டால் சாரல் படாது, சத்தம் குறையும், பேட்டரியை யாரும் கழற்றிக்கொண்டு போக மாட்டார்கள் என்று ஒரு கூட்டத்தில் முடிவானது. 2017. அப்போது பொருளாளர் நான்தான். காசோலையில் கையெழுத்தும் என்னுடையது.

ஆறு வருஷம் ஒன்றும் தெரியவில்லை. கரண்ட் போனால் பத்து நிமிடம், மிஞ்சினால் இருபது நிமிடம். சுவர் சூடாவதற்குள் கரண்ட் வந்துவிடும். 2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயலன்றுதான் அந்த ரூம் முதல் தடவையாகப் பரீட்சை எழுதியது. 25 நிமிடத்தில் ஹை வாட்டர் டெம்பரேச்சர் என்று காட்டி நின்றது. ஆறவிட்டுப் போட்டோம், 18 நிமிடம். மறுபடி ஆறவிட்டோம், 15 நிமிடம். வெளியே குளிர்ந்த காற்றும் மழையும், உள்ளே அடுப்பு. மூன்றாவது மாடியில் ஒரு பெரியவருக்கு ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர் ஓட வேண்டும். கடைசியில் வாட்ச்மேன், நனைந்தால் நனையட்டும் என்று கதவை விரியத் திறந்து செங்கல்லை முட்டுக் கொடுத்துவிட்டார். அதன் பிறகு விடியும் வரை நிற்கவில்லை.

அந்தச் செங்கல் என்ன சொன்னது என்று புரிந்துகொள்ள எங்களுக்கு மூன்று மாதம் பிடித்தது. நடுவில் தெர்மோஸ்டாட் மாற்றினோம், ரேடியேட்டரை அவிழ்த்துக் கழுவினோம், ஃபேன் பெல்ட் மாற்றினோம். அப்புறம் நீங்கள் சொல்லும் அதே 12 இன்ச் ஃபேனையும் மாட்டினோம். மாற்றிய எதிலும் குறை இருந்ததாகத் தெரியவில்லை.

5 மே

கணக்கு கேட்டிருக்கிறீர்கள். காகிதமும் பேனாவும் போதும்.

ஒரு லிட்டர் டீசலை எரித்தால் சுமார் 10 யூனிட் வெப்பம். அதிலிருந்து இந்த அளவுச் செட்டில் கையில் கிடைக்கும் மின்சாரம் ஏறக்குறைய மூன்றரை யூனிட். மிச்சம் ஆறரை யூனிட் அடுப்புச் சூடுதான். அதில் பாதி சைலன்சர் வழியாகப் புகையோடு போகும். மீதிப் பாதியில் பெரும்பங்கு ரேடியேட்டர் வழியாகவும், கொஞ்சம் என்ஜின், ஆல்டர்னேட்டர் உடம்பிலிருந்து நேராகவும் காற்றில் இறங்கும்.

முழு லோடில், அதாவது 50 கிலோவாட்டில், மணிக்குச் சுமார் 14 லிட்டர் குடிக்கும். 140 கிலோவாட் உள்ளே, 50 மின்சாரம். மிச்சம் 90-ல் பாதி, 45 கிலோவாட், உங்கள் ரூமுக்குள்ளேயே கொட்டும். இரண்டு கிலோவாட் கீசர் 22-ஐ ரூமுக்குள் வைத்து ஆன் செய்த மாதிரி.

12 இன்ச் ஃபேன் நிமிடத்துக்குச் சுமார் 1000 கன அடி காற்றை வெளியே தள்ளும். ஒரு கிலோவாட் வெப்பத்தை 10 டிகிரி உயர்வுக்குள் அடக்க நிமிடத்துக்குச் சுமார் 180 கன அடி வேண்டும். அப்படியானால் 45 கிலோவாட்டுக்கு 8000 கன அடிக்கு மேல். உங்களிடம் இருப்பது ஆயிரம். உள்ளே 80 டிகிரி ஏறும்.

5 மே, சாயங்காலம்

மேலே எழுதியதை மறுபடி படித்தேன். பயமுறுத்திவிட்டேன். எந்த அபார்ட்மெண்டிலும் செட் முழு லோடில் ஓடாது. எங்களிடமே லிஃப்ட், மோட்டார், பொது விளக்கு, வீட்டுக்கு வீடு லைட்டு, ஃபேன் எல்லாம் சேர்த்து 20 கிலோவாட்டைத் தாண்டினால் அதிகம். அப்போது ரூமில் இறங்குவது சுமார் 22 கிலோவாட். அதே ஃபேனுக்கு 40 டிகிரி உயர்வு. மே மாதம் வெளியே 38 என்றால் உள்ளே 78. பத்துக்குப் பதினாறு, பத்தடி உயரம் என்றால் ரூமில் இருக்கும் மொத்தக் காற்றே ஐம்பது கிலோதான். சுவர் உறிஞ்சுவதைக் கணக்கில் எடுக்காவிட்டால் நிமிடத்துக்கு 25 டிகிரி ஏறும். சுவர் உறிஞ்சுவதால்தான் உங்களுக்கு அரை மணி நேரமாவது கிடைக்கிறது.

இன்னொருவர் கேட்டது: என்ஜின் மூச்சு விடக் காற்று வேண்டுமே, அதுதானே பெரிய தேவை? நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். முழு லோடிலும் எரிப்புக்கு வேண்டியது நிமிடத்துக்கு 170 கன அடி, அவ்வளவுதான். ரேடியேட்டர் ஃபேன் தள்ளுவது 5000 அளவில். என்ஜின் குடிக்கிற தண்ணீர் ஒரு டம்ளர், குளிக்கிற தண்ணீர் முப்பது டம்ளர்.

8 மே

கனோபிக்குள் ஃபேன் இருக்கிறதே என்ற வாதத்துக்கு வருகிறேன். இருக்கிறது. ஆனால் அது சூட்டை எங்கே தள்ளுகிறது என்று பாருங்கள். கனோபியின் ரேடியேட்டர் முகத்துக்கு எதிரே ஒன்றரை அடியில் எங்கள் சுவர். மேஸ்திரி அதில் ஒரு கிரில் ஜன்னல் விட்டிருந்தார். சூடான காற்று சுவரில் மோதி, கால்வாசி கிரில் வழியாகப் போய், முக்கால்வாசி கனோபியின் இரண்டு பக்கமும் சுற்றி வந்து, பின்பக்கம் காற்று இழுக்கும் துவாரத்திலேயே திரும்ப நுழைந்துகொண்டிருந்தது. தன் வாலைத் தானே விழுங்குகிற பாம்பு. இதில் உத்தரத்துக்குக் கீழே 12 இன்ச் ஃபேன் சுற்றினால் என்ன, சுற்றாவிட்டால் என்ன.

முதல் வேலை, டக்ட். ரேடியேட்டர் முகத்திலிருந்து சுவர்த் துவாரம் வரை தகரத்தில் பெட்டி மாதிரி அடித்து, செட்டோடு சேரும் இடத்தில் மட்டும் ஒரு சாண் கேன்வாஸ் துணி. அந்தத் துணி இல்லாவிட்டால் செட்டின் அதிர்வு சுவருக்குப் போகும், தகரம் கிழியும். சுவர்த் துவாரம் ரேடியேட்டர் முகத்தைவிடச் சிறியதாக இருக்கவே கூடாது, கால் பங்கு பெரியதாக இருந்தால் நல்லது. கிரிலை அறுத்து எடுத்துவிட்டோம்.

டக்ட் போட்ட அன்று எல்லோருக்கும் சந்தோஷம். செட் ஓடியது. 20 நிமிடம் கழித்து மீட்டர் பார்க்கலாம் என்று நான் கதவைத் திறக்கப் போனேன். திறக்கவில்லை. தாழ்ப்பாள் விலகித்தான் இருந்தது. இரண்டு கையாலும் பிடித்து ஒரு காலைச் சுவரில் ஊன்றி இழுத்தேன். கதவு இரண்டு விரல்கடை திறந்ததும் உஸ்ஸென்று என் வேட்டி நுனியை உள்ளே இழுத்தது.

உள்ளே காற்று வருவதற்கு நாங்கள் விட்டிருந்தது ரெண்டுக்கு மூணு அடி லூவர் ஒன்று, அதாவது சாய்வுப் பட்டைகள் வைத்த காற்று ஜன்னல். ஆறு சதுர அடி என்று கணக்கில் எழுதியிருந்தோம். லூவர் பட்டைகள் பாதியை அடைத்துக்கொள்ளும், ஆக மூன்று. அதன் மேல் கொசுவலை. மூன்றுகூட இல்லை. அந்தச் சந்து வழியாக 5000 கன அடி நுழைய வேண்டும் என்றால் விநாடிக்கு எட்டு மீட்டருக்கு மேல் வேகம். ரேடியேட்டர் ஃபேன் அப்படி இழுத்துக் குடிப்பதற்குச் செய்யப்பட்டதல்ல. ரேடியேட்டரைத் தாண்டி அது தாங்கக்கூடிய எதிர்ப்பே பொதுவாக அரை இன்ச் உயரத் தண்ணீரின் அழுத்தம்தான். அந்த அரை இன்ச்சும் கதவை இழுப்பதில் செலவாகிக்கொண்டிருந்தது.

விநாடிக்கு இரண்டரை மீட்டர் வேகத்தில் காற்று வர, உண்மையான திறப்பு பத்து சதுர அடி வேண்டும். லூவராக வாங்கினால் இருபது. எதிர்ச்சுவரில், ஆல்டர்னேட்டர் பக்கம், ஐந்துக்கு நாலு அடியில் வெட்டினோம். கொசுவலையை எடுத்துவிட்டு எலி நுழையாத அளவுக்கு அரை இன்ச் கம்பி வலை. ஜெனரேட்டருக்கு டெங்கு வராது.

9 மே

இவ்வளவு பெரிய துவாரம் வெட்டினால் சத்தம் அதிகமாகாதா என்று இரண்டு பேர் கேட்கிறார்கள். கனோபி இருக்கும் செட்டுக்கு ஒரு மீட்டர் தள்ளி 75 டெசிபலுக்கு மேல் போகக்கூடாது என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் விதி. அந்த வேலையைக் கனோபி ஏற்கெனவே செய்கிறது. நாங்கள் ரூம் கட்டிக் குறைத்த சத்தம் என் காதுக்குத் தெரிந்தவரை ஒன்றுமில்லை.

யோசித்துப் பார்த்தால் கனோபியே ஒரு ரூம்தான். வெயில், மழையில் வெட்டவெளியில் நிற்பதற்காகவே செய்தது. அதற்கு மேல் இன்னொரு ரூம் கட்டுவது ரெயின்கோட் போட்டவனைப் போர்வையால் சுற்றுவது. இன்று என்னைக் கேட்டால் நாலு இரும்புத் தூண், மேலே தகரக் கூரை, சுற்றிக் கம்பி வலை, ஒரு பூட்டு. பேட்டரித் திருட்டுக்கு அந்தப் பூட்டு போதும். கேள்வி கேட்டவர் இதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும். எழுப்பிய சுவரை இடிக்கச் சொன்னால் சங்கத்தில் யாரும் கேட்க மாட்டார்கள் என்பதும் தெரியும். எங்களிடமும் கேட்கவில்லை.

11 மே

அளக்கக் கருவி இல்லையே என்பவருக்கு: ஊதுபத்தி. செட் ஓடும்போது ரேடியேட்டர் டக்ட் ஓரம், கனோபியின் பக்கவாட்டு, லூவர் முன்னால் என்று ஒவ்வோர் இடமாகப் பிடியுங்கள். புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்தால் சூடு எங்கே திரும்பி வருகிறது என்பது பத்து நிமிடத்தில் விளங்கிவிடும். டீசல் டேங்க் மூடிப் பக்கம் மட்டும் கொண்டுபோகாதீர்கள். எங்கள் வாட்ச்மேன் முதலில் செட்டுக்குப் பூஜை என்றே நினைத்தார்.

19 மே

காற்று முடிந்தது, புகை பாக்கி. நான் அதிகம் தப்பு செய்த இடம் இது.

புகைக்குழாய் உயரத்துக்கு ஒரு விதி உண்டு. கட்டட உயரம், அதனோடு 0.2 மடங்கு கேவிஏவின் வர்க்கமூலம், மீட்டரில். 62.5-க்கு வர்க்கமூலம் 7.9. ஆக கட்டடத்துக்கு மேல் 1.6 மீட்டர். எங்கள் ஜெனரேட்டர் ரூம் தனிக் கட்டடம், மேடையோடு சேர்த்து நாலரை மீட்டர். அதற்கு மேல் 1.6 விட்டு, ஆறு மீட்டர் சொச்சத்தில் குழாயை நிறுத்தினோம்.

ஆறு மீட்டர் என்பது பி பிளாக்கில் முதல் மாடியின் பாத்ரூம் வென்டிலேட்டர் உயரம். இடையே பத்தடி. தென்றல் அடிக்கும் சாயங்காலங்களில் புகை நேராக அந்த வீட்டுக்குள் போனது. அந்த வீட்டு அம்மா வெள்ளைத் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து கூட்டத்தில் மேஜை மேல் விரித்தார். கரி. விதிப்படி சரி, மூக்குப்படி தப்பு.

20 மே

நேற்று எழுதியதற்குத் திருத்தம். விதியில் வரும் கட்டட உயரம் என்பது செட் நிற்கும் கட்டடத்தின் உயரம், அதைத் தனி ரூமாக நான் எடுத்துக்கொண்டது வசதிக்காக என்று ஒருவர் சுட்டிக்காட்டியிருக்கிறார். ஸ்டில்ட்டிலேயே செட் இருந்திருந்தால் மொட்டை மாடிக்கு மேல் 1.6 போயிருக்க வேண்டும். உண்மைதான். பத்தடி தள்ளி ரூம் கட்டினோம் என்பதற்காகப் புகை அந்தப் பத்தடியை மதிக்காது.

அந்த வெள்ளைத் துண்டுக்குப் பிறகு குழாயை மொட்டை மாடிக்கு மேல் கொண்டுபோனோம். குழாய் மொத்தம் 16 மீட்டர். அடுத்த தலைவலி அங்கே ஆரம்பம்.

26 மே

வெல்டர் நல்ல தொழில்காரர். சைலன்சர் வாய் இரண்டரை இன்ச், அதே இரண்டரை இன்ச் குழாயை மாடி வரை கொண்டுபோனார். சன்ஷேடு, பால்கனி எல்லாம் தாண்ட ஆறு எல்போ. பார்வைக்கு அழகாக இருந்தது. ஆனால் செட் கரும்புகை கக்க ஆரம்பித்தது. லிஃப்ட் கிளம்பும்போது லைட் மங்கியது.

பேக் பிரஷர். புகை வெளியேற முடியாமல் என்ஜினையே திருப்பித் தள்ளுகிறது. அளந்துவிடலாம் என்று கொத்தனாரிடம் மட்டம் பார்க்கும் லெவல் டியூபை வாங்கினேன். ஓர் ஆள் உயரப் பலகையில் யு வடிவில் அடித்து, பாதி வரை தண்ணீர் விட்டு, கண்ணுக்குத் தெரிய இரண்டு சொட்டு நீலம் கலந்தேன். என்ஜினுக்குப் பக்கத்தில் எக்ஸாஸ்ட் குழாயில் துளை போட்டு ஒரு நிப்பிள், அதிலிருந்து மூன்றடி செப்புக் குழாய், அப்புறம்தான் டியூப். செப்பு இல்லாமல் நேராக மாட்டினால் டியூப் உருகி ஒழுகும். லோடு ஏறினால் அந்த இடத்தில் புகை 400, 500 டிகிரி.

லோடு வேண்டுமே. வாட்ஸ்அப்பில் போட்டேன்: ஞாயிறு காலை 11 மணிக்கு எல்லோரும் பத்து நிமிடம் இஸ்திரிப் பெட்டி போடவும். 32 வீடு சம்மதித்தது. மோட்டார், லிஃப்ட் எல்லாம் சேர்த்து 40 கிலோவாட் வந்தது. அன்று எங்கள் குடியிருப்பில் சுருக்கமுள்ள சட்டை ஒன்றுகூட இல்லை.

தண்ணீர் இரண்டு பக்கமும் 92 சென்டிமீட்டர் வித்தியாசம். எங்கள் என்ஜின் கையேட்டில் முழு லோடுக்கே 70 வரைதான்.

குழாயை நாலு இன்ச்சாக மாற்றினோம், எல்போ ஆறுக்குப் பதில் பெரிய வளைவாக மூன்று பெண்ட். அதே இஸ்திரிப் பெட்டிகள், அதே நேரம். 34 சென்டிமீட்டர். அந்த 34-ல் பெரும்பகுதி சைலன்சருடையது. குழாயின் விட்டம் இரட்டிப்பானால் எதிர்ப்பு 32-ல் ஒரு பங்காகிவிடும், ஐந்தாவது அடுக்கு. இரண்டரையிலிருந்து நாலுக்குப் போனதற்கே பத்தில் ஒரு பங்கு. குழாய்க்கு ஆன கூடுதல் செலவு, ஆரம்பத்திலேயே செய்திருந்தால் ஒன்றுமில்லை. இரண்டு தடவை சாரம் கட்டியதுதான் காசு.

2 ஜூன்

பெல்லோஸ் (என்ஜினையும் புகைக்குழாயையும் சேர்க்கும், மடிப்பு மடிப்பாக வளையும் துண்டு) வெடித்த கதையைச் சொல்லவில்லையே. இரண்டரை இன்ச் குழாய் காலத்தில் நடந்தது.

இரும்பு ஒரு மீட்டர் நீளம், 100 டிகிரி சூட்டுக்கு ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல் நீளும். 16 மீட்டர், சராசரியாக 350 டிகிரி ஏறினால் ஆறு சென்டிமீட்டருக்கு மேல். வெல்டர் மாடிக்கு மாடி யு போல்ட் போட்டு இறுக்கியிருந்தார், அசையக் கூடாதாம். முதல் நீண்ட ஓட்டத்தில் சுவரிலிருந்து டங், டங் என்று சத்தம். இரண்டாவது மாடியில் கிளாம்ப் பக்கத்துப் பூச்சு உரிந்து விழுந்தது. மேலே போக வழியில்லாத குழாய் கீழே அமுங்கி, என்ஜின் பக்கத்து பெல்லோஸ் அக்கார்டியன் மாதிரி நசுங்கிக் கீறியது. ரூமுக்குள் புகை.

இப்போது ஒரே ஓர் இடத்தில் இறுக்கம், பெல்லோஸுக்குச் சற்று மேலே, சுவரில் ஆங்கிள் அடித்து. குழாயின் முழுக் கனமும், கிட்டத்தட்ட 200 கிலோ, அங்கே உட்காருகிறது. மற்ற கிளாம்ப் எல்லாம் தளர்வு. குழாய் பக்கவாட்டில் சாயாது, மேலே வழுக்கிப் போகும். என்ஜின் மேலும் டர்போ மேலும் ஒரு கிலோகூடத் தொங்கக் கூடாது. குழாய் கோணலாக வந்துவிட்டது, பெல்லோஸை வளைத்துச் சரிக்கட்டிவிடலாம் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அது அதிர்வுக்கும் சூட்டுக்கும் இருப்பது.

ரூமுக்குள் ஓடும் குழாய்க்கும் சைலன்சருக்கும் ராக்வூல் என்ற சூடு தடுக்கும் பஞ்சைச் சுற்றி அலுமினியத் தகடு போட்டோம். அதுவும் ரூம் சூட்டைக் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி குறைத்தது. 5 மே கணக்கில் இதை நான் சேர்க்கவே இல்லை. புகை வெப்பம் முழுவதும் வெளியே போகிறது என்று எழுதினேன். சுற்றாத குழாயில் அதில் ஒரு பங்கு ரூமிலேயே தங்கும்.

2 ஜூன், இரவு

இரண்டு செட்டுக்கும் ஒரே புகைக்குழாய் போடலாமா என்று கேட்ட கல்யாண மண்டபக்காரருக்கு: கூடாது. இரண்டு செட்டின் புகையை ஒரே குழாயில் சேர்த்தால், ஓடுகிற செட்டின் புகை நிற்கிற செட்டுக்குள் இறங்கும். அதில் இருக்கும் ஈரம் உள்ளே குளிர்ந்து தண்ணீராகி வால்வு, சிலிண்டர் எல்லாம் துருப்பிடிக்கும். செட்டுக்கு ஒரு குழாய்.

23 ஜூலை

உடுமலைப்பேட்டை நண்பரின் புதிர் பிடித்திருந்தது. கோழிப் பண்ணை, 82.5 கேவிஏ. பங்குனி, சித்திரை வெயிலில் மணிக்கணக்காக ஓடுகிறது, ஆடியில் நின்றுவிடுகிறது. சர்வீஸ்காரர் நாலு தடவை வந்துவிட்டாராம்.

ரேடியேட்டர் வாய் எந்தத் திசை என்று கேட்டேன். மேற்கு.

பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக்காற்று. அந்தப் பக்கம் அத்தனை காற்றாலைகளும் நிற்பது அதை நம்பித்தான். மணிக்கு 36 கிலோமீட்டர் காற்று சுவரில் மோதினால் கால் இன்ச் தண்ணீர் அளவு அழுத்தம். ரேடியேட்டர் ஃபேனின் முழு பலமே அரை இன்ச் என்று முன்பு சொன்னேன். பாதி போயிற்று. பலத்த வீச்சில் மீதியும் போகும். அம்மியே பறக்கும் மாதத்தில் ஒரு தகர விசிறி என்ன செய்யும்.

செட்டைத் திருப்பி வைக்க முடியாது, அடித்தளம் போட்டாகிவிட்டது. துவாரத்துக்கு எதிரே, ரேடியேட்டர் உயரத்தின் அளவாவது தள்ளி, ஒரு மறைப்புச் சுவர் எழுப்பி, சூடான காற்று மேல்நோக்கித் திரும்பும்படி செய்யச் சொல்லியிருக்கிறேன். ஒட்டிக் கட்டிவிட்டால் எங்கள் 2017 கதைதான். முதலில் நாலு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டைச் சாய்த்து வைத்து ஒரு வாரம் பாருங்கள், அப்புறம் செங்கல் வாங்கலாம்.

4 ஆகஸ்ட்

ஷீட் வைத்த பிறகு நிற்கவில்லையாம். ஒரு ஷீட் பறந்து பக்கத்துத் தோட்டத்தில் விழுந்ததாம். கட்டிக் கம்பி கொண்டு கட்டுங்கள் என்று சொல்ல மறந்தது என் தப்பு.

17 அக்டோபர்

நேற்று முன்தினம் மழை வெளுத்து வாங்கியதில் எத்தனை பேருக்கு சைலன்சருக்குள் தண்ணீர்? மேல் நோக்கித் திறந்த குழாய் என்றால் அது ஒரு மழைநீர் சேகரிப்புத் தொட்டி. கூம்புத் தொப்பி போடாதீர்கள், புகையைக் கீழே அமுக்கும், பேக் பிரஷரையும் கூட்டும். புகை வந்தால் தானாகத் திறந்து, நின்றால் மூடிக்கொள்ளும் கீல் மூடி கடையில் கிடைக்கிறது. குழாயின் ஆக அடி வளைவில் ஒரு டிரெயின் காக். மாதம் ஒரு தடவை வாட்ச்மேன் திறந்து மூட வேண்டும்.

எங்கள் கீல் மூடி துருப்பிடித்துப் பாதி திறந்த வாக்கில் நின்றுபோயிருந்தது. டிரெயின் காக்கைத் திறந்தபோது ஒரு பக்கெட் கறுப்புத் தண்ணீர். அதில் பளபளவென்று டீசலும் மிதந்தது. அது மழையின் தப்பில்லை. 62.5 செட்டை வருஷம் பூரா பத்து, பன்னிரண்டு கிலோவாட்டில் ஓட்டுகிறோம். மூன்றில் ஒரு பங்குக்கும் குறைந்த லோடில் என்ஜின் சரியாகச் சூடேறாது, எரியாத டீசலும் கரியும் குழாயில் ஒட்டும். இஸ்திரிப் பெட்டி ஞாயிறை மூன்று மாதத்துக்கு ஒரு முறை, பத்து நிமிடத்துக்குப் பதில் அரை மணி நேரமாக நடத்தலாம் என்று தீர்மானம். பெண்கள் பக்கம் எதிர்ப்பு: எப்போதும் நாங்கள்தான் தேய்க்கிறோம், ஆண்கள் தேய்க்கட்டும். நியாயம்தான், நிறைவேறியது.

18 அக்டோபர்

பால்கனியில் சின்ன பெட்ரோல் ஜெனரேட்டர் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டவருக்கு விளையாட்டில்லாமல் சொல்கிறேன். கூடாது. மாடிப்படிக்குக் கீழேயும் கூடாது, கார் பார்க்கிங் மூலையிலும் கூடாது. டீசலைவிட அந்தப் பெட்ரோல் பெட்டி கார்பன் மோனாக்சைடைப் பல மடங்கு கக்கும். அதற்கு வாசனையில்லை, நிறமில்லை. காற்றோடு ஏறக்குறைய ஒரே எடை, அதனால் தரையிலும் தங்காது, மேலேயும் ஓடாது, கலந்துவிடும். ரத்தத்தில் ஆக்சிஜன் உட்காரும் இடத்தில் அதைவிட 200 மடங்குக்கு மேல் கெட்டியாக ஒட்டிக்கொள்ளும். முதலில் தலைவலி, தூக்கம். புயல் ராத்திரியில் யாருக்குத்தான் தலைவலியும் தூக்கமும் இல்லை? அதனால்தான் தெரியாமல் போய்விடுகிறது. ஜன்னலைத் திறந்து வைத்தேன் என்பது பதிலாகாது. வீட்டை விட்டு வெளியே, கதவு, ஜன்னல் எதற்கும் பக்கத்தில் இல்லாத இடத்தில், புகை வாய் வீட்டுக்கு முதுகைக் காட்டி இருக்க வேண்டும். அந்த இடம் இல்லையென்றால் இன்வெர்ட்டர்.

பி பிளாக் முதல் மாடி வீட்டில் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று சங்கச் செலவில் வாங்கி வைத்தோம். கரி படிந்த அந்த வெள்ளைத் துண்டுக்குப் பிராயச்சித்தம். இதுவரை கத்தவில்லை.

2 டிசம்பர்

ஃபெஞ்சல் புயல். 30 நவம்பர் காலை கரண்ட் போனது. செட் விட்டு விட்டு ஓடாமல் ஒரே மூச்சில் ஒன்பது மணி நேரம். ஒரே ஒரு தடவை தவிர தண்ணீர் சூடு 86-ஐத் தாண்டவில்லை, ரூமுக்குள் 37. கதவு ஒரு கையால் திறந்தது. செங்கல் தேவைப்படவில்லை.

ஆறாவது மணி நேரத்தில் சூடு மெல்ல 90 பக்கம் போனது. போய்ப் பார்த்தால் கம்பி வலை முழுக்க வேப்பிலை, ஒரு பால் கவர், யாருடைய வீட்டுக் கொடியிலிருந்தோ பறந்து வந்த ஒற்றை சாக்ஸ். கையால் வழித்துப் போட்டதும் ஐந்து நிமிடத்தில் இறங்கிவிட்டது. லூவருக்கு வெளியே எட்டிப் பிடிக்கிற உயரத்தில் வலை இருப்பது இவ்வளவு உபயோகம் என்று யோசித்து வைக்கவில்லை, தற்செயல்.

கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார்: டக்ட் போட்டாயிற்று, லூவர் வெட்டப் பொதுக்குழு ஒப்புதலுக்குக் காத்திருக்கிறது, எலக்ட்ரீஷியன் மே மாதமே வாங்கிவிட்ட 12 இன்ச் ஃபேனைக் கடைக்காரர் திருப்பி எடுக்க மாட்டேன் என்கிறார், என்ன செய்ய?

எங்களுடையது வாட்ச்மேன் ரூமில் ஓடுகிறது. அவருக்கு ரொம்பத் திருப்தி.